எழுத அழைக்கும் பொறி



கதை புனையும் ஆற்றல் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதன்று. ஆயினும், வறிய குடும்பத்து இளைஞர் பலர் எழுதவே அஞ்சுகின்றனர். அவர்கள் எழுத்துக்குக் கிடைத்த வரவேற்பெல்லாம் பெரும்பாலும் ஆசிரியரின் சிவப்பு மைதான். இவ்வச்சத்தைப் போக்கும் வகையில் ஓர் எழுத்து மென்பொருளை எங்ஙனம் அமைக்கலாம் என்பதை நாம் இன்று எண்ணிப் பார்ப்போம்.

தில்லி மாநகரிலேயே நமக்கு ஒரு படிப்பினை உண்டு. 2001-ஆம் ஆண்டில் அங்கூர் என்னும் கல்வி அமைப்பும் சராய் என்னும் ஆய்வு நிலையமும் இணைந்து ‘சைபர்மொஹல்லா’ என்ற முயற்சியைத் தொடங்கின. லோக்நாயக் ஜெயப்பிரகாஷ் மருத்துவமனையை அடுத்த குடிசைப் பகுதியில் ஒரு சிறு கூடம்; அதில் சில கணிப்பொறிகள். அங்கு இளைஞரும் இளம்பெண்களும் கூடித் தம் தெருவையும் வீட்டையும் அண்டை அயலாரையும் பற்றி எழுதினர்; எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினர். மதிப்பெண் இடுவாரில்லை, செவி கொடுப்பார் இருந்தனர்.

பின்னர் யமுனைக் கரையிலிருந்த நங்லா மாஞ்சியிலும் இத்தகைய கூடம் ஒன்று அமைந்தது. 2006-இல் அக்குடியிருப்பே இடித்துத் தள்ளப்பட்டது. அங்கு பழகிய இளைஞர் அந்நாட்களை எழுத்தில் பதித்தனர். இம்முயற்சியில் வளர்ந்த இருபதின்மரின் எழுத்துக்கள் 2007-இல் ‘பஹுரூபியா ஷெஹர்’ என்னும் இந்தி நூலாக வெளிவந்தன. 2010-இல் ஆங்கிலத்திலும் வந்தன. வீடுகள் அழிந்தன; அவ்வீடுகளில் வாழ்ந்த வாழ்வு அழியாமல் நின்றது.

இதிலிருந்து மென்பொருள் அமைப்போர் கற்க வேண்டியவை சில உள. வெறுந்திரை மிரட்டும், ஆதலின் முதலில் ஒரு சிறு கேள்வி தோன்றட்டும். ‘உங்கள் தெருவில் முதலில் விழிப்பவர் யார்?’ என்று கேட்டால் எவரும் நான்கு வரி எழுதுவர். எழுதும்போதே பிழையைச் சுட்டும் சிவப்புக் கோடு வேண்டா. எழுதி முடித்தபின், அவரே கேட்டால் காட்டலாம். ஒரே கைப்பேசியை வீடு முழுவதும் பயன்படுத்துவதால், அவரவர் எழுத்துக்குத் தனிப் பூட்டு வேண்டும். இணையம் இல்லாதபோதும் அது இயங்க வேண்டும். எழுதியதை யார் படிக்கலாம் என்பதை எழுதியவரே முடிவு செய்ய வேண்டும்.

இன்று, கேட்ட மாத்திரத்தில் கதையைத் தானே இயற்றித் தரும் பொறிகளும் வந்துவிட்டன. சொல் தேடும் உழைப்பையே அவை பறித்துக்கொண்டால், இளைஞனுக்கு மிஞ்சுவது பிறர் குரலே. பொறி வினவட்டும், விடையை அவன் எழுதட்டும்.

பிழைப்பின் பொருட்டு மாநிலம் கடந்து வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் வேறு மொழி எழுதுகின்றனர். தமிழெழுத்து அறியாதவரும் வாயாற் சொல்லித் தமிழில் எழுத இன்று கருவிகள் உள. இருமொழி கலந்து வந்தாலும் தடுக்க வேண்டா. எந்த மென்பொருளும் செய்ய இயலாத பணி ஒன்று நம்மிடமே இருக்கிறது: பிள்ளை எழுதியதைப் படிக்கச் சொல்லி, குறுக்கிடாமல் கேட்பது. அதனை இன்றிரவே தொடங்கலாம்.