கிளிமூக்கும் விசிறிவாலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் ரோபோ, ஆட்டோமேஷன் என்று பெரிய விஷயங்களைத் தொட்டார்கள். சங்கச் செயலாளர் போன வாரம் போன் செய்து, "நீ எதைப் பத்திப்பா பேசப்போற?" என்று கேட்டார். "கோழியைப் பத்தி" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். முன்னாடியே பேசிவிடுகிறேன்.

நான் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். 1998இல் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளிவந்த ஊர் அது. விடியும் முன்பே ஷிப்டு பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் பந்தயத் தடத்திலிருந்து இரைச்சல் வரும். இதற்கு நடுவில், என் வாடகை வீட்டின் கொல்லையில் ஆறு சேவல் கூவும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுமைசாலிகள்.

சேவல் என்றதும் பலருக்கு 2011இல் வந்த 'ஆடுகளம்' படம்தான் ஞாபகம் வரும். "சண்டைக்கு விடுவீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. விலங்குகளை மோதவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. நான் வளர்ப்பது கிளிமூக்கு விசிறிவால் சேவல். அசில் என்கிற அந்தப் பழைய சண்டைச் சேவல் வம்சம்தான். ஆனால் அழகுக்காகவே பார்த்துப் பார்த்துப் பிரித்தெடுத்த வகை. திண்டுக்கல், சேலம், ஈரோடு பக்கங்களில் இதற்கென்றே கண்காட்சி நடக்கும். நல்ல சேவல் லட்சங்களில் விலை போவதும் உண்டு. என் அப்பா திண்டுக்கல் பக்கத்துக்காரர். இந்தக் கல்லூரியில் நான் கட்டிய முதல் வருஷக் கட்டணம், அவர் ஒரு மயில் சேவலை விற்ற பணம். ஆகவே, இந்த மேடையில் நான் நிற்பதில் ஒரு சேவலுக்கும் பங்கு உண்டு.

ஒரு சேவலை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? மூக்கு கிளிக்கு இருப்பதுபோல் தடித்து, குட்டையாக, வளைந்திருக்க வேண்டும். கொண்டை சிறிதாக மண்டையோடு ஒட்டியிருக்க வேண்டும். கண் வெள்ளையாக முத்துப்போல் இருந்தால் சிறப்பு. கழுத்து, நெஞ்சு, கால், நிற்கிற தோரணை எல்லாம் பார்ப்பார்கள். நிறத்துக்கு மயில், காகம், கீரி, நூலான் என்று தனித்தனிப் பெயர்கள். கடைசியில் வால். அது பின்புறம் சரிந்து, விசிறிபோல் அடர்ந்து, தரையை நோக்கி இறங்க வேண்டும்.

இதை உருவாக்குவது அவ்வளவு சுலபம் இல்லை. அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு வந்துவிடும். மூக்கு சீக்கிரமே தெரிந்துவிடும். வால் எப்படி வரும் என்று தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த நீள வாலைக் கொடுப்பதில் பெட்டைக்கும் சரிபாதிப் பங்கு. ஆனால் அவளிடம் அந்த வால் வெளியே தெரியாது. அவளுடைய அப்பன் யார், அண்ணன் தம்பி எப்படி என்று விசாரிக்க வேண்டும். நம் வீட்டில் பெண் பார்க்கும்போது விசாரிப்பதைவிட அதிகம். வால் நன்றாக வருகிறதே என்று ஒரே ரத்தத்திலேயே திரும்பத் திரும்பச் சேர்த்தால், முட்டை பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். அப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார். எங்கள் தொழிற்சாலையில் உள்ள டிரேசபிலிட்டி பதிவேட்டுக்கு அது கொஞ்சமும் குறைந்ததல்ல.

ஒருமுறை எங்கள் தொழிற்சாலைக்கு வந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர், என் போனில் இருந்த சேவல் படத்தைப் பார்த்து, "ஓனகடோரி!" என்றார். அவர் ஷிகோகு தீவின் கோச்சி மாநிலத்துக்காரர். அந்த ஊர் நீளவால் கோழிக்குத்தான் அந்தப் பெயர். நம் சேவலுக்கு வருஷாவருஷம் இறகு உதிர்ந்து முளைக்கும். ஓனகடோரி சேவலின் வால் இறகுகளில் பல உதிர்வதே இல்லை, வளர்ந்துகொண்டே போகும். 1972இல் ஒரு சேவலின் வால் 10.6 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. ஒரு பெரிய பஸ்ஸின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் அரசு 1952இல் இந்த இனத்தைச் சிறப்பு இயற்கைச் சின்னமாக அறிவித்தது.

நான் வியந்துபோய் மேலும் கேட்டேன். அந்த வால் அழுக்காகாமல், ஒடியாமல் இருக்க, சேவலை உயரமான ஒடுங்கிய மரப்பெட்டிக்குள் ஒரு குச்சியில் உட்காரவைப்பார்களாம். வெளியே நடக்கவிடும்போது ஆள் கூடவே போய் வாலைப் பிடித்துக்கொள்வாராம். அந்த உழைப்பும் பக்தியும் பெரியதுதான். ஆனால் பெட்டிக்குள் இருப்பது சேவல்தானே? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த நீளவால் கோழிகள் ஜெர்மனிக்குப் போனபோது, ஹியூகோ டு ராய் என்பவர் உடல்வலு வேண்டி மற்ற இனங்களோடு கலந்து 'ஃபீனிக்ஸ்' என்ற இனத்தை உண்டாக்கினார். வால் குறைந்தது, கோழி திடமானது.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம், நான் செய்த ஒரு தப்பு.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் மிகக் குட்டையான மூக்குள்ள ஒரு சேவலும், அதேபோல் ஒரு பெட்டையும் இருந்தன. இரண்டையும் சேர்த்தால் மூக்கு இன்னும் பிரமாதமாக வரும் என்று கணக்குப் போட்டேன். பதினோரு முட்டையில் ஒன்பது பொரித்தது. நான்கு குஞ்சுகளுக்கு மேல்மூக்கு கீழ்மூக்கைத் தாண்டி வளைந்துவிட்டது. தரையில் கிடக்கும் தானியத்தைக் கொத்த முடியவில்லை. ஊறவைத்த கம்பை ஆழமான கிண்ணத்தில் போட்டால்தான் அள்ளித் தின்னும். நான் நைட் ஷிப்டு போன நாட்களில் கிண்ணத்தை யார் பார்த்தார்கள்? இரண்டு குஞ்சு செத்துப்போனது. மூன்றாவதும் தேறவில்லை. மிஞ்சியது ஒரு மயில் சேவல். வளர்ந்து நின்றபோது அப்படி ஒரு மூக்கு, அப்படி ஒரு வால்! ஒரு கண்காட்சியில் பரிசும் வாங்கியது.

அதைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கத்துத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு தம்பி வந்தான். போனஸ் பணத்தை அப்படியே தருகிறேன் என்றான். விலை பேசி முடித்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அது தானாக் கொத்தித் தின்னுமான்னு அந்தத் தம்பி கேட்டுச்சா?" என்றார்.

"கேக்கலப்பா."

"நீ சொன்னியா?"

நான் பேசவில்லை. "உன் ஃபீசுக்கு நான் வித்த சேவல் எங்க போனாலும் தின்னும்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவன் வாங்கவில்லை. அந்தச் சேவல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் கிண்ணத்தில்தான் சாப்பாடு. அதிலிருந்து ஒரு குஞ்சுகூட நான் எடுக்கவில்லை.

போன வருஷம் ஊரில் ஒரு சின்னக் கண்காட்சிக்கு நடுவராக உட்காரச் சொன்னார்கள். மூன்று பேரில் நான் ஒருவன். மூக்கைப் பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சேவலுக்கும் ஒரு கைப்பிடிக் கம்பைத் தரையில் இறைப்போம், கொத்தாத சேவலுக்கு மார்க் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "அழகுப் போட்டியா, சாப்பாட்டுப் போட்டியா?" என்றார். என் யோசனை எடுபடவில்லை. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு, பெரியவர் ஒருவர் தன் சேவலைத் தரையில் இறக்கிக் கம்பை இறைத்து, கொத்துவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி தங்கைகளே, தொழிற்சாலையில் நாங்கள் ஒரு பாகத்தை முதலில் கேஜ் வைத்து அளப்போம். அளவு சரியாக இருந்தாலும் அதோடு விடுவதில்லை. பொருத்தி, ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவோம். இது எனக்குத் தினசரி வேலை. அப்படியிருந்தும் கொல்லையில் நான் கேஜை மட்டும் வைத்துக்கொண்டு சேவலை மறந்துவிட்டேன். நாளை நீங்களும் எதையாவது அளக்கும் இடத்தில் உட்காருவீர்கள். ஆள் எடுப்பீர்கள், மார்க் போடுவீர்கள், டார்கெட் வைப்பீர்கள். நீங்கள் எதற்கு மார்க் போடுகிறீர்களோ அதை எல்லோரும் வளர்த்துக்கொண்டே போவார்கள். அதற்கு விலை கொடுப்பது யார் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதற்கு ஒரு கைப்பிடிக் கம்பு போதும்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் கைகாட்டுகிறார். இலையில் கோழி இருந்தால் என்னை மன்னியுங்கள்.