பிள்ளை சொன்னால் நம்புவோம்

(பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வாய்விட்டுப் பேசக் கூசும் விஷயம். சிறு வயதில் பாலியல் தொல்லைக்கு ஆளான பிள்ளையின் மனம் பிற்பாடு என்ன ஆகிறது என்பதே அது.

"நம்ம வீட்டிலெல்லாம் அப்படி நடக்காது" என்று நினைக்கிறோம். 2006ஆம் ஆண்டு சென்னையில் 'துளிர்' அமைப்பு 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்தது. நூற்றுக்கு 42 பேர் ஏதோ ஒரு வகையில் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். பெண் பிள்ளைகளில் 39 சதவீதம். ஆண் பிள்ளைகளில் 48 சதவீதம். வசதியான வீடு, ஏழை வீடு என்ற வித்தியாசம் இல்லை. மறு ஆண்டு மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள் என்று தெரியவந்தது.

திருப்பூரில் நம் நிலைமை என்ன? அத்தாவும் அம்மாவும் பனியன் கம்பெனிக்குப் போகிறோம். ஆர்டர் அவசரம் என்றால் இரவு வரை ஓவர்டைம். பிள்ளை பக்கத்து வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருக்கிறது. பிழைப்புக்காகப் போவது குற்றமில்லை. பிள்ளை யாரிடம் இருக்கிறது, அவரிடம் போகத் தயங்குகிறதா என்று கவனிப்பது நம் பொறுப்பு.

1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர், பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயம், கெட்ட கனவு, தன்னையே தாழ்வாக நினைப்பது, வயதுக்கு மீறிய நடத்தை எனப் பல பாதிப்புகள் தெரிந்தன. எல்லாப் பிள்ளைகளிடமும் ஒன்றுபோல் காணும் அடையாளம் எதுவும் இல்லை. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளிடம் வெளியே எந்த அறிகுறியும் தெரியவில்லை. ஆகவே, "நல்லாத்தானே விளையாடுறான்" என்று சொல்லி, பிள்ளை சொன்னதைத் தள்ளிவிடக் கூடாது.

ஆறுதலான முடிவும் அதில் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் ஒன்று, ஒன்றரை வருடத்திற்குள் தேறி வந்தார்கள். தாயின் ஆதரவு கிடைத்த பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள். தொல்லை நீண்ட நாள் நடந்திருந்தால், நெருங்கியவரே செய்திருந்தால், காயம் ஆழமாகிறது. "இவ வாழ்க்கையே போச்சு" என்று பிள்ளையின் காதுபட அழாதீர்கள். வாழ்க்கை போகவில்லை. அந்த நேரத்தில் நாம் என்ன சொல்கிறோம் என்பது அதன் எதிர்காலத்தில் பெரிய பங்கு வகிக்கிறது.

என்ன சொல்வது? "நீ சொன்னது நல்லது. நான் நம்புறேன். உன் மேல தப்பு இல்ல." இது போதும். அடிக்காதீர்கள், "ஏன் அங்கே போனே?" என்று கேட்காதீர்கள், திரும்பத் திரும்பக் குடையாதீர்கள். ஆண் பிள்ளை என்றால் கேலி செய்யாதீர்கள்.

குடும்ப மானத்தை எண்ணி, "ஜமாஅத்தில் வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது குற்றம். பிள்ளையின் பெயரோ முகமோ ஊடகங்களில் வரக் கூடாது. பிள்ளையிடம் வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம். போலீசார் சீருடையில் வரக் கூடாது. 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மன ஆறுதலுக்கும் ஆலோசனைக்கும் 14416 இருக்கிறது; கட்டணம் இல்லை.

பிறர் குறையை மறைப்பது நம் பண்பாடு. பிள்ளைக்கு நடந்த அநியாயத்தை மறைப்பது அதில் சேராது. மறைத்தால் அதே ஆள் நாளை இன்னொரு வீட்டுப் பிள்ளையிடம் போவான்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வீடு திரும்பும்போது தின்பண்டத்தோடு அரை மணி நேரத்தையும் அவர்களுக்குக் கொடுப்போம். பேசவிட்டுக் கேட்போம். நம் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.