அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்?

(யூபிலி விழா மாலையில் ஆற்றிய உரை)



வீட்டில் நகை திருட்டுப் போனாலும், கரையில் நிறுத்திய படகின் எஞ்சின் களவு போனாலும் நாம் போலீசுக்கு ஓடுகிறோம். வழக்கு திருவொற்றியூர் கோர்ட்டுக்கோ ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்கோ போன பிறகு நம் தரப்பில் எழுந்து நிற்பவர் யார் என்றால் விழிக்கிறோம். அவர்தான் அரசு வக்கீல். அவருக்கு நாம் ஒரு காசும் கொடுக்கவேண்டியதில்லை. உயர் நீதிமன்றத்தில் அந்தப் பதவிக்கு உரியவரை, நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு மாநில அரசு நியமிக்கிறது. ஆட்சி மாறினால் ஆளும் மாறுவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த நாற்காலிக்கும் அரசியல் மேடைக்கும் தூரம் அதிகமில்லை.

நம் நகரத்து வழக்கறிஞர் ஆர். சண்முகசுந்தரம் அவர்களையே எடுத்துக்கொள்வோம். 1995-ல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு எதிரான வழக்கு ஒன்றை அவர் தயாரித்துவந்தார். அப்போது ஒரு கும்பல் அவரைக் கொடூரமாகத் தாக்கியது. படுகாயமுற்றுப் பிழைத்தார். வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது. மறு ஆண்டு ஆட்சி மாறியது. அவரே மாநில அரசின் குற்றவியல் வக்கீலானார். 2002 முதல் 2008 வரை தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினர். 2021-ல் அரசின் தலைமை வழக்கறிஞர். 2024 தொடக்கத்தில் விலகினார்.

வழக்குக்காக இரத்தம் சிந்தியவரின் துணிவை நாம் ஐயுறவில்லை. ஆனாலும் ஒன்று நெருடுகிறது. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அரசு வக்கீலின் வேலையன்று. எதிரிக்குச் சாதகமான சாட்சியம் கையில் இருந்தாலும் அதையும் மன்றத்தின் முன் வைக்கவேண்டியவர் அவர். கட்சிக்காரருக்கோ வெற்றி வேண்டும். நேற்று அங்கே நின்றவர் இன்று கட்சி மேடையில் நின்றால், அவர் நேர்மையாகவே வாதாடியிருந்தாலும், தண்டனை பெற்றவன் வீட்டார் நம்புவார்களா? எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கேள்வி உண்டு. குற்றமில்லை என்று அறிந்தும், செசாரின் நட்புக்கு அஞ்சிய பிலாத்துவை நாம் தவக்காலந்தோறும் தியானிக்கிறோமே!

சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் இப்பதவிக்கு வரவேண்டும். ஏழு ஆண்டு வக்கீல் தொழில் போதும், தகுதி வந்துவிடும். பதவி விட்டபின் சில ஆண்டுகளாவது கட்சிப் பக்கம் போகாதிருந்தால் நன்று என்பது நம் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் இருப்பீர்கள்.

புகார் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகவே கேட்டு வாங்குங்கள். சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே அரசு வக்கீலைப் போய்ப் பாருங்கள். அவருக்குத் துணையாக நம் செலவில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளவும் நீதிமன்ற அனுமதியோடு இடமுண்டு. மேலும் கேட்க விரும்புவோருக்காகக் கெபி அருகே காத்திருப்போம்.