பதினைந்தாம் நாள் கணக்கு

(ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடைபெற்ற இளைஞர்கள் - வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே! கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகச் சகோதரர்களே! பாசத்திற்குரிய இளைஞர்களே!

புதிய திட்டம் எதையும் அறிவிக்க நான் இன்று வரவில்லை. நடத்தி முடித்த திட்டங்களுக்குக் கணக்குக் கேட்க வந்திருக்கிறேன். கேட்பவனும் நான்தான். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களில் முதல் ஆளும் நான்தான்.

நாம் கோடைகாலப் பயிற்சி முகாம் நடத்துகிறோம். கல்வி வழிகாட்டி நிகழ்ச்சி நடத்துகிறோம். கம்ப்யூட்டர் வகுப்பு, ஆங்கிலப் பேச்சு வகுப்பு, தொழிற்பயிற்சி என்று நோட்டீஸ் அடிக்கிறோம். நிறைவு விழாவில் சான்றிதழ் கொடுக்கிறோம். "மாபெரும் வெற்றி" என்று பத்திரிகையில் எழுதுகிறோம். இப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

ஒரு முகாம் முடிந்து ஓராண்டு கழித்து, அதன் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் இரண்டு இளைஞர்களும் வீடு வீடாகப் போனோம். அன்று நான் பட்ட வெட்கத்தை இந்த மேடையில் மறைக்க விரும்பவில்லை. பலருடைய பெயருக்கு எதிரே முகவரி இல்லை. முதல் நாளும் கடைசி நாளும்தான் வருகை நிறைந்திருந்தது. கடைசி நாள் பிரியாணி! இடையில் நின்றுபோன பிள்ளைகளை, ஏன் நின்றாய் என்று எவரும் கேட்டிருக்கவில்லை.

ஒரு வீட்டில் ஒரு தாய், மகனுடைய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். "பையன் எங்கேம்மா?" என்று கேட்டேன். "பழையபடி தறிக்குத்தான் போறான் அஜ்ரத்" என்றார். தறி வேலை கேவலமில்லை. ஹலாலான உழைப்பு எதுவும் கேவலமில்லை. ஆனால் நம்முடைய முகாமுக்கு முன்பும் அவன் அதே தறியில் அதே கூலிக்குத்தான் நின்றான். அப்படியானால் நாம் அந்தப் பிள்ளைக்குச் செய்தது என்ன? ஒரு கண்ணாடிச் சட்டம்! அதற்கும் காசு கொடுத்தவர் அந்தத் தாய்தான்.

திறப்பு விழாக் கூட்டம் லாபமாகுமா?

வணிகர்களே! உங்களை ஒன்று கேட்கிறேன். கடைத் திறப்பு விழாவுக்கு ஊரே திரண்டு வந்தது, எல்லோரும் குளிர்பானம் குடித்தார்கள், வாழ்த்தினார்கள். அதை லாபம் என்று பேரேட்டில் எழுதுவீர்களா? மாட்டீர்கள். இரவு கல்லாவை எண்ணுவீர்கள். ஆண்டு முடிவில் இருப்புச் சரக்கை எடுத்துப் பார்ப்பீர்கள். கடையில் இவ்வளவு கறாராக இருக்கும் நீங்கள், சமுதாயப் பணிக்குக் கொடுத்த பணத்துக்கு மட்டும் ஏன் கணக்குக் கேட்பதில்லை? "அல்லாஹ்வுக்காகக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான்" என்கிறீர்கள். அல்லாஹ்வுக்காகக் கொடுத்தது என்பதனால்தான் சகோதரர்களே, ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வேண்டும். அது அமானிதம்!

அரசைக் கேட்கிறோம், நம்மைக் கேட்கிறோமா?

அரசாங்கத்திடம் கணக்குக் கேட்பதில் நாம் சளைத்தவர்கள் அல்லர். கேட்கவும் வேண்டும். 2005ல் அமைக்கப்பட்ட சச்சார் குழு 2006ல் அறிக்கை தந்தது. இந்த நாட்டு முஸ்லிம்கள் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் எங்கே நிற்கிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் வைத்தது. அதன் பிறகு என்ன நடந்தது என்று ஆராய 2013ல் அமிதாப் குண்டு தலைமையில் இன்னொரு குழு போட்டார்கள். 2014ல் அதுவும் அறிக்கை தந்தது. பின்னர் என்ன ஆனது? 2022ல் மவ்லானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகையை நிறுத்தினார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மைப் பிள்ளைகளின் மத்திய அரசு உதவித்தொகையையும் அதே ஆண்டு நிறுத்தினார்கள். இதைக் கண்டித்தோம். கண்டித்தது சரிதான்.

ஆனால் 2023ல் வெளிவந்த இன்னொரு செய்தியையும் பாருங்கள். சிறுபான்மையினர் உதவித்தொகை வாங்கிய நிறுவனங்களில் 1,572ஐச் சோதித்தபோது 830 போலி அல்லது செயல்படாதவை என்று அமைச்சகமே சொன்னது. விசாரணை சி.பி.ஐ.யிடம் போனது. ஏழை மாணவன் பெயரில் வந்த பணத்தை இடையில் நின்றவன் விழுங்கினான். இது எப்படி நடந்தது? எத்தனை பெயர் என்று மட்டும் எண்ணினார்கள். பெயருக்குப் பின்னால் பிள்ளை இருக்கிறதா என்று போய்ப் பார்க்கவில்லை. வீடு வீடாகப் போகாத நமக்கும் இதில் பாடம் இல்லையா?

நம் விருதுநகர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018ல் மத்திய அரசு நாடு முழுவதும் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் அதில் இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள். ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று நமது விருதுநகர். சுகாதாரம், கல்வி, விவசாயம் என்று 49 அளவுகோல்கள் வைத்தார்கள். இளைஞர் திறன் பயிற்சிக்கும் அளவுகோல் உண்டு. அவற்றில் இரண்டை மனதில் வையுங்கள். எத்தனை இளைஞர்கள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றார்கள் என்பது ஒன்று. சான்றிதழ் பெற்றவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பது மற்றொன்று.

முதல் கேள்வி நமக்குத் தெரியும், நாமும் அதைத்தான் எண்ணிக் கொண்டிருக்கிறோம். இரண்டாவது கேள்வியை நம் எந்த முகாமிலாவது கேட்டோமா? நான் மூன்றாவதாக ஒன்றையும் சேர்ப்பேன். கிடைத்த வேலையில் ஓராண்டு கழித்தும் இருக்கிறானா?

கோடரியும் கெடுவும்

இந்தக் கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல. அனஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி அபூதாவூத், இப்னுமாஜா நூல்களில் உள்ளது. அன்சாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் யாசகம் கேட்டு வந்தார். நபியவர்கள் கையில் காசைத் திணித்து அனுப்பிவிடவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு விரிப்பும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருப்பதாக அவர் சொன்னார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, ஏலம் போட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு, மற்றொன்றுக்கு ஒரு கோடரி. கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்கச் சொன்னார்கள். பதினைந்து நாள் கண்ணில் படக் கூடாது என்று கெடுவும் வைத்தார்கள். அவர் திரும்பி வந்தபோது கையில் பத்து திர்ஹம் இருந்தது.

இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். யாசிப்பதை விட, கயிற்றை எடுத்துக்கொண்டு போய் விறகு சுமந்து விற்பது மேல் என்ற கருத்து புகாரியில் ஆதாரப்பூர்வமாக வந்திருக்கிறது.

இளைஞர்களே, அந்த நிகழ்ச்சியின் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் விசாரணை: உன்னிடம் என்ன இருக்கிறது? அடுத்து அவருடைய சொந்தப் பொருளே முதல். பிறகு பேச்சு அல்ல, கையில் கருவி. பிறகு கெடு. கடைசியில் கணக்கு: பத்து திர்ஹம்! எத்தனை பேர் கூடினார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஒரே ஒரு மனிதர். அவருடைய பதினைந்தாம் நாள். நம் முகாம்களுக்கு முதல் நாள் இருக்கிறது, நிறைவு நாள் இருக்கிறது. பதினைந்தாம் நாள் எங்கே?

இனி என்ன செய்வோம்?

இன்ஷா அல்லாஹ், இனி நடத்தும் எதற்கும் ஐந்து கேள்விகள் வைப்போம்.

1. வந்து சேரும் நாளில் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன படித்திருக்கிறான், வீட்டு நிலை என்ன என்று எழுதினோமா? தொடக்கம் தெரியாமல் முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது?

2. பயிற்சி ஊருக்குப் பொருந்துமா? ராஜபாளையத்தில் நூற்பாலைகள் இருக்கின்றன. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிகள் இருக்கின்றன. இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா அமைக்க 2023ல் ஒப்பந்தம் ஆனது. அங்கே ஆலைகள் வரும்போது ஃபிட்டராக, எலக்ட்ரீஷியனாக, தரம் பார்ப்பவராக உள்ளே போக நம் பிள்ளைகள் எத்தனை பேர் தயார்?

3. இடையில் நின்றவனைத் தேடிப் போய்க் காரணம் கேட்டோமா? நம் குறையை அவன்தான் சரியாகச் சொல்வான்.

4. ஆறு மாதம், ஓராண்டு கழித்து அவன் எங்கே இருக்கிறான், என்ன சம்பாதிக்கிறான் என்று பார்த்தோமா?

5. பெண் பிள்ளைகளுக்கு என்ன செய்தோம்? அவர்கள் படிப்பில் முந்திக் கொண்டிருக்கிறார்கள். நம் முகாம்களோ ஆண் பிள்ளைகளோடு நின்றுவிடுகின்றன.

இவற்றுக்கான பதிலை, சாதகமோ பாதகமோ, ஆண்டுக்கு ஒரு முறை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தில் படித்துக் காட்டுவோம். தோற்ற திட்டத்தைத் தோற்றது என்று சொல்வதால் இயக்கத்தின் மானம் போய்விடாது. மூடி மறைத்தால்தான் போகும்.

2007ல் தமிழகத்தில் நமக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக எத்தனை மாநாடு, எத்தனை ஆர்ப்பாட்டம்! நம் தெருவில் அதன் மூலம் கல்லூரிக்கும் அரசு வேலைக்கும் போனவர்கள் யார் யார் என்ற பட்டியல் எந்தப் பள்ளிவாசலில் இருக்கிறது? கேட்டு வாங்கத் தெரிந்த நமக்கு, வாங்கியதை எண்ணிப் பார்க்கத் தெரியவில்லையே!

வணிகர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வார்த்தை. இளைஞர் முன்னேற்றத் திட்டம் என்று வெளியே தேட வேண்டாம். உங்கள் கடையில் பத்தாவதோடு நின்றுபோன ஒரு பையன் பொட்டலம் கட்டிக் கொண்டிருக்கிறான். ஐந்து வருடத்துக்கு முன்பும் பொட்டலம்தான் கட்டினான். கொள்முதல் எப்படி, வரவு செலவு எழுதுவது எப்படி, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வது எப்படி என்று அவனுக்குக் காட்டினீர்களா? விட்டுப்போன பன்னிரண்டாம் வகுப்பைத் தனித் தேர்வராக எழுத இரண்டு மணி நேரம் விட்டீர்களா? "கற்றுக் கொண்டால் எதிரே கடை போட்டுவிடுவான்" என்று அஞ்சுகிறீர்கள். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று நம்புகிறவனுக்கு இந்த அச்சம் எதற்கு? கோடரிக்குக் காம்பு போட்டுக் கொடுத்த நபியின் உம்மத் அல்லவா நாம்?

மறுமையில் கணக்குக் கேட்கப்படும் முன் உங்களை நீங்களே கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள் என்ற கருத்தை உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்தப் பதிவேடு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. முகவரி இல்லாத பெயர்கள் அதில் இன்னும் இருக்கின்றன. இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன். அந்தப் பெயர்களில் உங்களுக்குத் தெரிந்த பிள்ளை இருந்தால், அவன் வீட்டைக் காட்டுங்கள். நாளை அஸருக்குப் பிறகு அங்கிருந்து தொடங்குவோம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.