மனை பார்க்கக் கார்த்திகையில் வாருங்கள்

சம்பா அறுவடை முடிந்ததும் காவிரி டெல்டாவின் திருப்பனந்தாள் வட்டாரத்தில் இன்னொரு சாகுபடி தொடங்கிவிடும். கதிர் அறுத்த வயலில் கல் ஊன்றுவார்கள், கொடி கட்டுவார்கள், ஏதாவது ஒரு ‘நகர்’ என்று பலகை வைப்பார்கள். சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தால் தரை கட்டாந்தரையாக இறுகிக் கிடக்கும். ஓரத்து வாய்க்கால் வெறும் புல் மண்டிய பள்ளமாகத் தெரியும்.

இந்த வாய்க்கால்களுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது நெடுநாள் வழக்கம். ஆக, மனை விற்பனை சூடுபிடிக்கும் மாதங்களும் வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. வாங்குகிறவர் ஏமாறுகிற இடம் இதுதான்.

திருப்பனந்தாளுக்கு வடக்கே கொள்ளிடம், பக்கத்தில் மண்ணியாறு. நடுவில் இருப்பது மேடு பள்ளம் கண்ணுக்கே தெரியாத சமநிலம். இங்கே வயலுக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு பாய்ச்சல் வாய்க்கால் உண்டு, மிஞ்சியதை வெளியேற்ற ஒரு வடிகால் உண்டு. வயல் மனையானதும் பாய்ச்சல் வாய்க்கால் தேவையில்லாமல் போகலாம். வடிகால் அப்படியல்ல. மேலண்டை வயல்களின் தண்ணீர் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். அதைத் தூர்த்துச் சாலை போட்டு, அடியில் ஒரு சிமெண்ட் குழாயைப் புதைத்துவிட்டால் ஐப்பசி அடைமழையில் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 65 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. டெல்டாவில் அப்படியும் பெய்யும் என்பதை மனதில் வைத்துத்தான் மனை தேட வேண்டும்.

அதனால் முதலில் புல வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் வாய்க்கால் எங்கே ஓடுகிறது, நிலத்தில் அது இப்போது எங்கே இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். அந்த வயலில் நடவு நட்டவர்கள், தண்ணீர் பாய்ச்சியவர்கள் யாராவது ஊரில் இருப்பார்கள். “மழைக்கு இந்தப் பக்கம் எத்தனை நாளில் வடியும்?” என்று அவர்களிடம் கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

நான்குவழிச் சாலைக்குப் பக்கம் என்றாலே விலையை ஏற்றிச் சொல்கிறார்கள். சாலை உயர்ந்த கரையில் போகிறதென்றால், மனை அதற்கு எந்தப் பக்கம் இருக்கிறது, தண்ணீர் வெளியேறப் பாலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மனை தாழ்வாக இருந்தால் மண் அடித்து உயர்த்த வேண்டும். நம்முடையது களிமண், ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அஸ்திவாரத்துக்குக் கூடுதலாகச் செலவாகும். இந்த இரண்டு செலவையும் மனை விலையோடு கூட்டிப் பார்த்தால், மலிவு என்று நினைத்தது மலிவாக இராது. சுற்றிலும் இன்னும் வயல் இருந்தால் தை வரைக்கும் நிலத்தில் ஊற்று இருக்கும். செப்டிக் டேங்க் சீக்கிரம் நிரம்பும். போர் தண்ணீரைக் குடிக்கிறவர்கள், அடுத்த வீட்டு செப்டிக் டேங்க் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, நிலம் யாருடையது என்பது. திருப்பனந்தாள் காசித் திருமடத்தால் பெயர்பெற்ற ஊர். டெல்டா முழுவதுமே கோயில் நிலமும் மட நிலமும் நிறைய உண்டு. கட்டடம் ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருக்கிற வீடுகள் இருக்கின்றன. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் நிலத்துக்கு உரிமை தந்துவிடாது. மூலப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, உரிய அனுமதியில்லாமல் கோயில் சொத்தைப் பதிவதையும், அங்கீகாரமற்ற மனையைப் பதிவதையும் தடுக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்ற அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் தனி விதிகள் வந்தன. பழைய மனை என்றால் அந்த வரன்முறை ஆணையைக் கேளுங்கள். புதிய மனை என்றால் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலைக் கேளுங்கள். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் கேளுங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். இங்கே குழிக் கணக்கில் பேசுவார்கள். ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். பத்திரம் வேறு அளவில் எழுதப்பட்டிருந்தால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

பேரூராட்சி எல்லைக்குள்ளா, பக்கத்து ஊராட்சியிலா என்பதையும் விசாரியுங்கள். சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் நடையாய் நடக்க வேண்டியிருக்கும். போக்குவரத்தையும் பாருங்கள். திருப்பனந்தாளில் ரயில் நிலையம் இல்லை. ஆடுதுறைக்கோ கும்பகோணத்துக்கோதான் போக வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இத்தனைக்கும் மேலாக ஒன்று சொல்கிறேன். இடத்தைக் கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். முழங்கால் சேற்றில் நின்று பார்த்த பிறகும் பிடித்திருந்தால், தையில் விலை பேசுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.