ஸ்பே பள்ளத்தாக்கின் வடிசாலைகள்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்கு விடுமுறை கழிக்கப் போகிறவர்களில் பலர், ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள விஸ்கி வடிசாலைகளையும் சுற்றிப் பார்க்கிறார்கள். குடிப்பழக்கம் இல்லாதவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மலைநாட்டைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர், ஒரு சொட்டும் தொடாதவராக இருந்தாலும், அங்கே போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. வடிசாலைகள் ஏன் அந்த மலைகளில் வந்து குவிந்தன? குளிர்ந்த ஊற்றுநீரை முதற்காரணமாகச் சொல்வார்கள்; அது உண்மைதான். ஆனால் வரியையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சாராய வரி ஏறிக்கொண்டே போக, கலால் அதிகாரிகள் எளிதில் எட்ட முடியாத மலை மடிப்புகளில் குடியானவர்கள் களவாகக் காய்ச்சினார்கள். 1823-இல் வந்த சட்டம் வரியைக் குறைத்து, ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம் வைத்தது. மறு ஆண்டே அந்தப் பகுதியிலுள்ள கிளென்லிவெட்டில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் உரிமம் எடுத்தார். களவாகக் காய்ச்சிவந்த அக்கம்பக்கத்தார் வடிசாலையைக் கொளுத்திவிடுவதாக மிரட்டியதால், துப்பாக்கியும் கையுமாகவே நடமாடினார்.

அந்த வரியின் தடம் இன்றும் கண்ணில் படும். முளைவிட்ட பார்லியைக் காயவைத்து அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து இறக்கிய இனிப்புச் சாறு, ஈஸ்ட் சேர்ந்து நொதித்தபின் செம்புக் கொப்பரைகளில் இரண்டு முறை வடிக்கப்படுகிறது. வடிந்து வருவது கண்ணாடி பதித்த பித்தளைப் பெட்டிக்குள் ஓடுகிறது. முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் தொழிலாளி பிரித்தெடுக்கிறார். கண்ணாடி வழியே பார்த்து வெளியிலுள்ள கைப்பிடியைத் திருப்புவார். கை உள்ளே போகாது. வரி கட்டாமல் ஒரு குவளையும் வெளியேறக் கூடாதென்று அந்தப் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கலால் அதிகாரி வைத்திருந்த காலம் உண்டு. பிறகு ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடக்க வேண்டும் என்பது சட்டம். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிவிடும். அந்த ஆவியில் செழிக்கும் ஒருவகைப் பூஞ்சை, கிடங்குச் சுவர்களிலும் பக்கத்து மரங்களிலும் கரியாய்ப் படர்ந்திருக்கும்.

இதெல்லாம் மதுவுக்கு விளம்பரம்தானே என்பது நியாயமான கேள்வி. ஆம், சுற்றிக்காட்டுவது கம்பெனி. வழி முடிவது அதன் கடையில். குடியால் கெட்ட குடும்பங்களைப் பற்றி அங்கே பேச்சு எழாது. அதற்காகப் போகாமலே இருப்பதைவிட, ஆற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கிறீர்கள், கழிவு எங்கே போகிறது என்று நேரில் கேட்பது நல்லது. குடித்துவிட்டு மலைச்சாலையில் வண்டி ஓட்டுவது பற்றிய அச்சத்துக்கு மட்டும் என்னிடம் மறுப்பே இல்லை. வண்டி ஓட்டுகிறவரின் இரத்தத்தில் இருக்கக்கூடிய மதுவின் அளவை, 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆக 2014 டிசம்பரில் ஸ்காட்லாந்து குறைத்தது. ருசி பார்க்கத் தருவதில் ஓட்டுநரின் பங்கைச் சின்னப் புட்டியில் அடைத்துக் கொடுக்கும் வடிசாலைகளும் உண்டு. வண்டி ஓட்டுகிறவர் அதை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். தங்கும் இடம் போய்ச் சேரும்வரை திறக்க வேண்டாம்.