கொடுப்பனவும் நமது நாவும்

 

மட்டக்களப்பு வாவியோரத்துக் காத்தான்குடி, ஏறாவூர் போன்ற நமது ஊர்களில் யுத்தத்தாலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையாலும் ஊனமுற்றோர் உளர். பிறவியிலேயே குறையுடையோரும் உளர். வறிய மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

அதைப் பெறச் செல்பவரைக் கண்டால், "நேற்று நடந்துதானே போனார், இவருக்கென்ன குறை?" என்கிறோம். நேற்று நடந்தவரால் இன்று எழ முடியாதிருக்கலாம். காது கேளாமையும் மனநோயும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதாரமற்ற சந்தேகத்தையும் புறம்பேசுதலையும் சூரா அல்ஹுஜுராத் தடுக்கிறது. செல்வத்தில் வறியோருக்குள்ள பங்கை அல்குர்ஆன் 'ஹக்', அதாவது உரிமை, என்றே அழைக்கிறது. உரிமையைப் பெறுபவர் யாசகரல்லர்.

கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் பொருட்டே சூரா அபஸ இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் அவரைப் பாங்கு சொல்பவராகவும், தாம் மதீனாவை விட்டுச் சென்றபோது தமது பிரதிநிதியாகவும் நியமித்தார்கள்.

பெற்றோர்களே! ஊர் ஏசுமென அஞ்சிப் பிள்ளையை மறைக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரை நாடுங்கள். இளைஞர்களே! படிவம் நிரப்பிக் கொடுங்கள், உடன் செல்லுங்கள். பொய்யுரைத்துப் பெறுவது ஹராம்தான். ஆயினும் அதை விசாரிப்பது அதிகாரியின் கடமை. தெருவோரப் பேச்சின் வேலையன்று.

அல்லாஹ் நமது நாவுகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.